அத்தாட்சியும் தீர்ப்பும்

வல்ல இறைவனின் படைப்பில் கண்ணையும் கருத்தையும் கவரும் விந்தைகளுக்குக் குறைவே இல்லை. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் குளிர்கால இரவு வானில் பச்சையும் சிவப்புமாய் ஒளித்திரைகள் அசைந்தாடுகின்றன. ஐஸ்லாந்தில் பனிப்பரப்புக்கு நடுவே கொதிநீர் பீறிட்டு எழுகின்றது. வெனிசுவேலா நாட்டின் மரகைபோ ஏரியில் ஆறு வந்து கலக்குமிடத்தில், ஆண்டின் பல இரவுகளில் மணிக்கணக்காக மின்னல் ஓயாமல் மின்னிக்கொண்டே இருக்கின்றது. இவற்றைக் காண மக்கள் பொருள் செலவிட்டுக் கடல் கடந்து செல்கின்றனர்.

நம் தஞ்சைத் தரணிக்கு இத்தகைய பெயர் எதுவும் இல்லை. இங்கே மலை இல்லை, எரிமலை இல்லை, பனியும் இல்லை. கல்லணையில் பிரிந்த காவிரியும் வெண்ணாறும் கிளைகளாய், வாய்க்கால்களாய்ச் சிதறிக் கடலைச் சேரும்வரை கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்களே. ஆயினும் வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டாதபடி, இரண்டு பெரும் விந்தைகள் நம் வாழ்நாளிலேயே இந்தப் படுகைக்கு வந்தன. ஒன்று கடலிலிருந்து வந்தது. மற்றொன்று வானில் தோன்றியது. இரண்டுமே டிசம்பர் 26ஆம் தேதி. இரண்டுமே காலை ஒன்பது மணியை ஒட்டிய வேளை. முன்னது 2004இன் ஆழிப்பேரலை; பின்னது 2019இன் சூரிய கிரகணம். இவ்விரண்டையும் பற்றி நம் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

2019ஆம் ஆண்டு அந்நாளில் திருச்சி, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் சூரியன் நெருப்பு வளையமாய்க் காட்சி தந்தது. நம் ஊரில் பெரும்பகுதி மறைந்து, பிறையாய் நின்றது. ஜமாஅத்தாக நின்று கிரகணத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, ஓதும் பிள்ளைகளுடன் மத்ரஸா முற்றத்துக்கு வந்தோம். அங்குள்ள வேப்பமரத்தின் நிழலைப் பார்த்த சிறுவர்கள் வியந்து கூவிவிட்டனர். இலைகளின் இடுக்கு வழியே விழும் வெளிச்சம் வழக்கமாக வட்டப் பொட்டுகளாய்க் கிடக்குமன்றோ? அன்று அத்தனையும் பிறைகளாய்க் கிடந்தன. தரையில் ஆயிரம் பிறைகள். ஒரு பையன் சட்டையின் முதுகிலும் பிறைகள்.

சிறு துளை வழியே நுழையும் ஒளி, சூரியனின் உருவத்தையே தரையில் தலைகீழாக வரைந்துவிடும் என்பதை அவர்களுக்கு விளக்கினோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் இதே பிறையுருவை ஆராய்ந்து தனி நூலே எழுதினார் என்றும் சொன்னோம். சூரியன் நிலவைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. தொலைவிலும் ஏறத்தாழ 400 மடங்கு அப்பால் உள்ளது. ஆகவேதான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாய்த் தோன்றுகின்றன. நிலவு சற்றே தூரத்தில் இருக்கும்போது குறுக்கே வந்தால், சூரியனை முழுதும் மூட இயலாமல் ஓரத்தில் வளையம் மிஞ்சுகின்றது. இவ்வளவும் சொல்லி முடித்தபோது, மூத்த மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஹஜ்ரத், சுனாமி வந்த அதே தேதியில், அதே நேரத்தில் கிரகணம் வந்திருக்கின்றதே. இதற்கு ஏதேனும் கருத்து இருக்க வேண்டுமல்லவா?”

அந்தக் கேள்வியின் முதற்பகுதிக்கு விடை கூறுவது எளிதாக இருந்தது. ஆங்கிலத் தேதியில் மட்டுமே இவ்விரண்டும் ஒன்றுபடுகின்றன. நம் ஹிஜ்ரி கணக்கில் பார்த்தால், ஆழிப்பேரலை 1425ஆம் ஆண்டு துல்கஅதா மாதத்தின் நடுவில், முழுநிலா நாளில் வந்தது. கிரகணமோ 1441ஆம் ஆண்டு ரபீஉல் ஆகிர் மாதக் கடைசியில், நிலவே தென்படாத நாளில் நிகழ்ந்தது. சூரிய கிரகணம் வேறு நாளில் நிகழவும் இயலாது. ஒரு நாட்காட்டியில் ஒன்றாய் நிற்பவை மற்றொரு நாட்காட்டியில் கூடுவதே இல்லை. அன்றியும், அந்தக் கிரகணம் எந்த நிமிடத்தில் எந்த ஊரில் தெரியும் என்பதைக் கடல் பொங்குவதற்கு நெடுங்காலம் முன்பே வானியலார் கணித்து வைத்திருந்தனர். சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்று அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்கு அறிவிக்கவில்லையா?

ஆனால், அந்தக் கேள்விக்குள் மற்றொரு கேள்வி மறைந்திருந்தது. இயற்கையில் பெரியதொன்று நிகழும்போது, அதை யாருக்கோ அளிக்கப்பட்ட தீர்ப்பாக நாம் படிக்கலாமா என்பதே அது. அதற்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. காரணம், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நாமே அப்படிப் படித்தவர்கள். அதுவும் மிம்பரின் மீது நின்று படித்தவர்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவின் மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அந்தமான் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குப் பூமியின் பாறைத்தட்டு முறிந்து நகர்ந்தது. கடல்தளம் உயர்ந்த வேகத்தில் அதன்மேல் நின்ற நீர் முழுவதும் உந்தப்பட்டது. ஆழ்கடலில் அந்த அலை ஆகாய விமானத்தின் வேகத்தில் வரும். ஆனால் உயரம் ஒரு மீட்டரும் இராது. கப்பலில் இருப்பவர்க்கு அது கடந்து செல்வதுகூடத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதன் மீது ஏறிச் சுவராய் எழும். அத்தகைய சுவர் காலை ஒன்பது மணியளவில் நாகைக் கடற்கரையை அடைந்தது. அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் அழிந்தன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் கூடியிருந்த பயணிகளைக் கடல் வாரிச் சென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதிர் வாங்கிக்கொண்டிருந்த சம்பாப் பயிரின் மீது உப்புநீர் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை, டிசம்பர் 31. நாம் அப்போது முப்பதுகளில் இருந்தோம். காவிரியின் கிளையாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஜும்ஆ பயான் செய்யும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. நூஹ் நபியின் வெள்ளத்தையும் ஆது கூட்டத்தாரின் காற்றையும் எடுத்துக்கூறி, வட்டி, கைக்கூலி, கேளிக்கை என்று பாவங்களை அடுக்கி, இந்தக் கடல் அவற்றுக்கான தண்டனையென்று முழங்கினோம். மக்கள் அழுதனர். அழ வைத்துவிட்டோம் என்ற நிறைவு நம் உள்ளத்தில் இருந்தது; இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், முதியவர் ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தார். நாகூரிலிருந்து வந்து, நம் ஊரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவர். தாழ்ந்த குரலில் பேசினார்.

“அஜரத், என் பேத்திக்கு மூணு வயசு. உம்மா கையிலேர்ந்து தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அந்தப் புள்ள என்ன பாவம் செஞ்சுச்சுன்னு நீங்க சொன்னா, அதுக்காக நான் தவ்பா செஞ்சுக்குறேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். நாம் அவரது கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் இறைவன் நாட்டம், பொறுமை கொள்ளுங்கள் என்று ஏதோ கூறினோம். அவர் தலையசைத்துவிட்டு எழுந்து போனார். பருவமடையாத குழந்தையின் மீது பாவம் எழுதப்படுவதே இல்லை என்பது மத்ரஸாவில் முதலாண்டிலேயே ஓதுகிற பாடம். அந்தப் பாடத்தை அன்றைய முழக்கத்தில் நாம் மறந்திருந்தோம்.

வேப்பமரத்தடியில் மாணவரின் கேள்வியைக் கேட்டபோது அந்த முதியவரின் முகம் நம் முன்னே வந்தது. அன்றிரவு கிரகணம் பற்றிய நபிமொழியை மீண்டும் எடுத்துப் படித்தோம். எத்தனையோ தடவை பாடம் நடத்தியதுதான். ஆனாலும் அன்றுதான் அது நம்மை நோக்கிப் பேசிற்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம், ஒன்றரை வயதளவில் மதீனாவில் மறைந்தார். அவ்வேளையில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 எனக் கொள்ளப்படுகின்றது. நாயகத்தின் மகன் இறந்ததற்காகவே சூரியன் ஒளியிழந்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயருற்ற தந்தை ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன வேண்டும்? தூதுத்துவத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரமும் வேறு இல்லை. வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும், அந்நம்பிக்கை நிலைத்திருக்கும். ஆனால் அண்ணலார் அதை நிற்க விடவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகளில் உள்ளவை, எவருடைய இறப்புக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவை மறைவதில்லை என்ற கருத்தில் மக்களுக்கு விளக்கி, அத்தகைய நேரத்தில் தொழுங்கள், பிரார்த்தியுங்கள், தானம் செய்யுங்கள் என்றும் பணித்தார்கள்.

இங்கே இரண்டு செய்திகளை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கிரகணம் ஓர் அத்தாட்சி என்பதை அண்ணலார் மறுக்கவில்லை, வெறும் நிழல் விளையாட்டு என்று ஒதுக்கவில்லை, தொழுகைக்கே அழைத்தார்கள். ஆனால் அதைக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய வானத்தின் தீர்ப்பாகப் படிப்பதைத் தடுத்துவிட்டார்கள். தம் வீட்டுக்குப் பெருமை சேர்க்கும் விளக்கத்தையே அவர்கள் ஏற்கவில்லை என்றால், பிறர் வீட்டுக்கு இழிவு சேர்க்கும் விளக்கத்தை நாம் எந்த உரிமையில் கூறுவது?

‘அப்படியானால் நூஹ் நபியின் கூட்டத்தாரும் ஆது கூட்டத்தாரும் தண்டிக்கப்பட்டதாக அருள்மறை கூறவில்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவை தண்டனை என்பதை நாம் எவ்வாறு அறிந்தோம்? வெள்ளத்தின் உயரத்தை அளந்து அறியவில்லை. காற்றின் வேகத்தைக் கண்டு அறியவில்லை. இறைவனே வஹீ மூலம் அறிவித்ததால் அறிந்தோம். அங்கே தூதர் முன்கூட்டி எச்சரித்தார், நம்பியவர்கள் காப்பாற்றப்பட்டனர். வஹீ நிறைவுற்ற பின்னர், இந்த அலை இன்ன ஊருக்கு இன்ன பாவத்துக்காக வந்தது என்று சொல்பவர், தமக்கு அறிவிக்கப்படாத ஒன்றை இறைவன் பெயரால் அறிவிக்கின்றார். அறியாததை இறைவன் மீது சொல்வது எத்தனை பெரிய குற்றம் என்பது ஆலிம்களுக்குத் தெரியாததன்று.

நமக்கு நேரும் துன்பங்கள் நம் கைகள் சம்பாதித்தவையே என்ற கருத்துடைய வசனம் அஷ்ஷூரா அத்தியாயத்தில் உள்ளது. அன்று நாம் மிம்பரில் ஓதியதும் அதைத்தான். ஆனால் அந்த வசனம் கேட்பவரையே முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது. எனக்குத் துன்பம் வந்தால் நான் என்னைத் திருத்திக்கொள்ளப் படிக்க வேண்டியது அது. அண்டை வீட்டுக்காரர் மீது வாசித்துக் காட்டும் குற்றப்பத்திரிகையாக அதைப் பயன்படுத்தலாகாது. அநீதி இழைத்தவர்களை மட்டுமே தொடாத சோதனைகளும் உண்டு என்று அல்அன்ஃபால் அத்தியாயம் எச்சரிப்பதையும் சேர்த்துப் படித்தாலன்றிப் பொருள் முழுமையாகாது.

மேலும், நீரில் மூழ்கி இறந்தவரும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீதுகளின் பட்டியலில் வருவதை நபிமொழிகளில் நாமே பாடம் நடத்துகின்றோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு ஷாம் தேசத்தில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அபூஉபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகிய பெருந்தகையர் மறைந்தனர். பேரிடரில் இறப்பதே பாவத்துக்கு அடையாளம் என்றால், இவர்களைப் பற்றி என்ன சொல்வது? ஆழிப்பேரலையில் மிகுதியான உயிர்களை இழந்த இடம் இந்தோனேசியாவின் அச்சே மாநிலம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். தீன்பற்று மிக்க அந்த மண்ணுக்கு ‘மக்காவின் தாழ்வாரம்’ என்ற சிறப்புப் பெயரும் உண்டு. அங்கே பைத்துர் ரஹ்மான் பள்ளிவாசல் அலைக்குத் தப்பி நின்றதைப் பலர் அற்புதமாகக் கூறினர். நின்றதற்கு நன்றி செலுத்துவோம். ஆனால் அதை ஒரு தீர்ப்பாக்கினால், அந்தப் பள்ளியில் தொழுது பழகிய மக்களின் வீடுகள் சுற்றிலும் அழிந்ததற்கு என்ன தீர்ப்பு எழுதுவது?

இத்தவறு நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதன்று. 1755 நவம்பர் 1ஆம் தேதி, கிறிஸ்தவப் புனிதர்களின் திருநாளன்று, வழிபாட்டு மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. பின் கடலும் பொங்கிற்று. அங்கும் போதகர்கள் தண்டனை என்றனர். வால்டேர் போன்றோர் கடுமையாக எதிர்வாதம் புரிந்தனர். ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் மறு ஆண்டே நிலநடுக்கத்துக்கு இயற்கையில் காரணம் தேடிக் கட்டுரைகள் வரைந்தார். அவர் கூறிய காரணம் பிழையாயினும், தேடிய திசை சரியானது.

அவ்வாறாயின், அத்தாட்சி என்பதற்கு என்னதான் பொருள்? எல்லாம் பாறையும் நீரும் என்று சொல்லி முடித்துக்கொள்வதா? இல்லை. அத்தாட்சி உயிரோடு இருந்து அதைக் காண்பவனை நோக்கி வருகின்றது. இறந்தவர் ஏன் இறந்தார் என்பது அதன் கேள்வியாக இருப்பதில்லை. இருப்பவனே, நீ என்ன செய்யப் போகின்றாய் என்பதே அதன் கேள்வி. கிரகணத்தைக் கண்டதும் தொழுகையும் தானமும் கட்டளையிடப்பட்டதன் நுட்பம் இதுவே. இரண்டும் காண்பவன் செய்ய வேண்டியவை.

இக்கேள்விக்குச் சரியான விடை அளித்த மக்கள் கூட்டம் ஒன்றை வரலாறு நமக்குக் காட்டுகின்றது. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு. அங்கே வாழ்வோரும் முஸ்லிம்களே. 1907ஆம் ஆண்டு அத்தீவைப் பேரலை தாக்கிப் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியவர்கள், போனவர்கள் செய்த பாவம் யாதென்ற ஆராய்ச்சியை விட்டுச் செல்லவில்லை. நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். அந்த அலைக்குத் தம் மொழியில் ‘ஸ்மோங்’ என்று பெயரும் இட்டனர். 97 ஆண்டுகள் கழிந்தன. 2004இல் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அத்தீவு. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. எந்தக் கருவியும் எச்சரிக்க அவகாசமில்லை. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர் ஏழு பேர் மட்டுமே! பாட்டிமார் சொன்ன ஒரு சொல் ஊரையே மேட்டில் ஏற்றிவிட்டது.

இப்போது நம் கரையைப் பார்ப்போம். 1881 டிசம்பர் 31ஆம் தேதி, கார்நிகோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த பேரலையை நாகப்பட்டினத்தில் இருந்த கடல்மட்ட அளவுக்கருவி பதிவு செய்தது. கடல் தன் செய்தியை எண்களில் எழுதிக் கொடுத்தது. ஆனால் அது ஏட்டில் உறங்கியது. எவருடைய வாய்மொழியிலும் சேரவில்லை. 2004இல் சுமத்ராவில் பூமி அதிர்ந்த பின்னர் நமக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒரு தந்தை தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே தப்பிப்பதற்குப் போதுமான நேரம். பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் உண்டு; இந்துமாக் கடலுக்கு அன்று இல்லை. 2007ஆம் ஆண்டில்தான் ஹைதராபாதில் நம் நாட்டு ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கிற்று. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, நாகைக் கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு மேடான இடங்களுக்கு அகன்றனர். பெரிய அலை எதுவும் வரவில்லை; ஆனால் மக்கள் நகர்ந்தனர். இதுவும் ஒரு வகையில் அத்தாட்சியைப் படித்ததே.

விதியை எதிர்த்து ஓடலாமா என்பார்க்கு, உமர் (ரலி) அவர்களின் விடை போதுமானது. அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய நாட்டுக்குள் செல்லாமல் அவர்கள் திரும்பியபோது, இறைவிதியை விட்டு ஓடுகின்றீர்களா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கின்றோம் என்ற கருத்தில் உமர் (ரலி) மறுமொழி பகர்ந்தார்கள். எச்சரிக்கை மணியும் மேட்டு நிலமும்கூட அவன் விதித்தவையே.

கைகள் சம்பாதித்தவை என்பதற்கு நேரடியாகவே ஒரு பொருள் உண்டென்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் உள்ள கடலோரக் காட்டுக்கு நம் முன்னோர் ‘அலையாத்தி’ என்று பெயரிட்டனர். அலையின் வேகத்தை ஆற்றுவது என்று பொருள். பிச்சாவரத்தில் அக்காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் ஆராய்ந்தோர் எழுதினர். அக்காட்டை வெட்டுவதும், மணல்மேட்டைச் சமன் செய்வதும், ஆற்று மணலை வரம்பின்றி வாரிக் கடற்கரைக்கு வரும் வண்டலைக் குறைப்பதும் மனிதன் தன் கையால் சம்பாதிப்பவை. ஆனால் வாரியவர் வேறு; வாரி விடப்பட்டவர் வேறு. இலாபம் பெற்றவர் மாடியில் இருக்க, கூரை வீட்டுக் குழந்தை அலையில் போகின்றது. மிம்பரில் சினந்து பேச வேண்டிய பாவம் ஒன்று உண்டென்றால், அது இங்கே இருக்கின்றது. போன குழந்தையிடம் இல்லை.

அத்தாட்சியைச் செயலால் படித்தவர்கள் அன்றும் நம்மிடையே இருந்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு உணவாக்கிக் கொடுத்தனர். கரையெங்கும் பல சமயத்து இளைஞர்கள் பெயர் தெரியாத உடல்களைச் சுமந்து மண்ணுக்குள் வைத்தனர். உப்பேறிய வயலில் மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, உழவர்கள் மீண்டும் நெல் விளைவித்தனர். நாம் முழங்கிக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் செய்துகொண்டிருந்தனர்.

கிரகணம் கழிந்த சில வாரங்களில், 2020 ஜனவரியில், நாம் நாகூருக்குச் சென்றோம். அந்த முதியவரிடம் நம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எண்ணியிருந்தோம். அவர் மௌத்தாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரது மகள், அந்தக் குழந்தையின் தாய், உள்வாசல் திரைக்கு அப்பால் இருந்து பேசினார். நாம் யாரென்று கூறியதும் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர் சொன்னார்: “உங்க குரல் எனக்கு மறக்கல அஜரத். அன்னிக்கு நாங்க தங்கியிருந்த வீடு பள்ளிவாசலுக்குப் பின்தெருவுலதான். ஒலிபெருக்கியில கேட்டேன். பதினஞ்சு வருஷமா எந்தக் குத்தத்துக்காக எம் புள்ளய எடுத்தான்னு எண்ணிக்கிட்டே இருக்கேன். ஒண்ணொண்ணா எண்ணிப் பாக்குறேன்.”

தந்தை கேட்டது மட்டுமே நமக்குத் தெரியும். தாய் கேட்டது நமக்குத் தெரியாது. ஒரு பயானின் பயணம் மிம்பரோடு முடிவதில்லை என்பதை அன்று கண்டோம்.

நாம் மூன்று செய்திகள் கூறினோம். அன்று நாம் சொன்னது தவறு. அதைச் சொல்ல நமக்கு அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. உங்கள் குழந்தைக்குப் பாவம் கிடையாது. உங்கள் பாவத்தை அக்குழந்தை சுமப்பதும் கிடையாது, ஒருவர் சுமையை மற்றவர் மீது ஏற்றுவது இறைநீதி அன்று. பருவமடையுமுன் மறைந்த பிள்ளைகள் தம் பெற்றோருக்கு நரகத்தை விட்டும் திரையாக நிற்பார்கள் என நற்செய்தி உண்டு. நாம் அன்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தத் தாய், “அப்ப நான் எண்ணுறத நிறுத்திரலாமா அஜரத்?” என்று கேட்டார். நிறுத்திவிடுங்கள் தாயே என்றோம். வேறெதுவும் பேச இயலவில்லை.

பயான் செய்யும் இளம் ஆலிம்களுக்கும், துக்க வீட்டுக்குச் செல்லும் நம் குடும்பத்தார் அனைவருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. பேரிடரைக் கண்டால் அச்சம் கொள்ளுங்கள், தொழுங்கள், கையில் உள்ளதைக் கொடுங்கள், காரணத்தைக் கற்றுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இழந்தவர் முன்னே தீர்ப்பு மட்டும் வாசிக்காதீர்கள். அந்த ஏடு நம் கையில் தரப்படவில்லை.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி தென் தமிழகத்தில் மீண்டும் ஒரு வளைய கிரகணம் தெரியும் எனக் கணித்துள்ளனர். நம் மாணவர்களின் குறிப்பேட்டில் அத்தேதியை எழுதி வைக்கச் செய்திருக்கின்றோம். அன்று நம்மில் யார் இருப்போம், யார் மண்ணுக்குள் இருப்போம் என்பதை இறைவனே அறிவான். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அந்த நிமிடத்தில் வரும். எவருடைய இறப்புக்காகவும் வராது, எவருடைய வாழ்வுக்காகவும் வராது. வரும்போது மரநிழலில் பிறைகளைக் கண்டு வியக்கவும், கண்டபின் செய்ய வேண்டியதைச் செய்யவும், சொல்லக்கூடாததைச் சொல்லாமல் நாவைக் காக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.